ஆள் இருக்கும் தெரு

பயண எழுத்தாளர்கள் வரும் நாட்களில் அவளுக்கு மட்டும் பொழுது முந்தி விடியும். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்கு ஏறுவாள். வரிசையாக நிற்கும் கல்வீடுகளைத் திறந்து, ஜன்னல்களை விரித்துவைப்பாள். ஒரு வீட்டு அடுப்பில் விறகை மூட்டிப் புகைபோக்கியில் புகை வரவைப்பாள். இன்னொரு வீட்டுப் படியில் ஒரு ஜோடிச் செருப்பு, வேறொன்றில் பாதி உரித்த பட்டாணி. கடைசியாகக் கொடிகளில் துணி. அந்தத் தெருவில் யாருமே குடியிருக்கவில்லை. இருந்தவர்கள் வேலை தேடி நகரங்களுக்கும் துறைமுகங்களுக்கும் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன.

சுற்றுலா அலுவலகத்தில் அவள் வேலைக்குப் பண்பாட்டு வழிகாட்டி என்று பெயர். வண்டி ஓட்டுபவன் அவளை வீட்டுக்காரம்மா என்பான். அவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் அவசரம். அவனிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

"ஒரு வீட்டுக்கு வாடகை கொடுக்கவே எனக்கு நாக்கு தள்ளுது. உங்களுக்கு ஒரு தெருவே சொந்தம்" என்பான்.

"வேணும்னா ரெண்டு வீட்டை எடுத்துக்கோ. கூட்டிப் பெருக்குற வேலையாவது குறையும்."

முன்பொரு முறை வந்த எழுத்தாளர், பழைய கல்பாலத்தையும் பூவேலை செதுக்கிய கதவுகளையும் புகழ்ந்து தள்ளிவிட்டு, 'இவ்வளவு அழகான சவப்பெட்டியை நான் பார்த்ததில்லை' என்று முடித்திருந்தார். அன்றிலிருந்துதான் இந்தப் புகையும் செருப்பும். மேலாளர் பொய் சொல்லச் சொன்னதில்லை. "ஆள் இருக்கிற தெரு மாதிரி இருந்தா போதும்மா" என்றார், அவ்வளவுதான்.

அவரே ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னம்மா, கொடி பூரா பொம்பளைங்க துணியாவே தொங்குது? மகளிர் விடுதின்னு எழுதிடப் போறாங்க."

தொங்கியதெல்லாம் அவளுடையதும் அம்மாவுடையதும். வீட்டில் ஆண் துணி இருந்தது ஒரே இடத்தில்தான். தம்பியின் பெட்டியில்.

தம்பி கப்பல் வேலைக்குப் போனவன். போன புதிதில் வாரம் தவறாமல் பேசினான். பிறகு ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் திரும்பி ஏறவில்லை என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை. அம்மா மாலைதோறும் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இறங்குகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எம் பையனைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். நாளாக ஆகப் பயணிகள் பின்வாசல் வழியாக இறங்கக் கற்றுக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அம்மா போகவில்லை. மறுநாளும் போகவில்லை. தம்பியின் துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "போனவன் போய்ட்டான். நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். இரவில் தூங்கவும் தொடங்கினாள். அந்தத் தூக்கத்தை மகள் தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தைப்போலக் காத்துவந்தாள். வீட்டில் கப்பல் என்ற சொல்லைக்கூட எடுப்பதில்லை.

அடுத்த கூட்டம் வரும் நாளில் அந்தப் பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்தபோது அவள் யோசிக்காமல் இல்லை. அம்மாவின் முழங்கால் மேட்டுத்தெரு ஏறிப் பல நாளாகிறது. ஒரு காலைப்பொழுதுதானே, அம்மா பார்ப்பதற்குள் பெட்டிக்குப் போய்விடும் என்று நினைத்தாள்.

ஆனால் அன்று காலைப் பரபரப்பில் அவள் சாப்பிடாமல் கிளம்பியிருந்தாள். மகளுக்குச் சாப்பாடு கொடுக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று அம்மா மேடேறி வந்தாள்.

அவள் எழுத்தாளர்களுக்குக் கதவுச் செதுக்கலைக் காட்டிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் அம்மா நின்றுவிட்டதைப் பார்த்தாள். கொடியில் நீலக் கட்டம்போட்ட சட்டை. படியில் செருப்பு. புகைபோக்கியில் புகை. அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். முழங்கால் வலியை யாரோ வாங்கிக்கொண்டதுபோல நேராக நடந்து வந்து, கூட்டத்தை விலக்கி உள்ளே போனாள்.

"எப்படா வந்தே? வீட்டுக்கு வராம இங்க என்னடா பண்றே?"

குரல் ஒவ்வோர் அறையாகப் போனது. திரும்பி வாசலுக்கு வந்தபோது அந்த முகத்தை எல்லாக் கேமராக்களும் பிடித்துக்கொண்டன.

"இந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று தம் மொழியில் கேட்டார் ஓர் எழுத்தாளர்.

"காலையில் வீட்டுக்குள் நுழையும்போது வீட்டாரைக் கூப்பிட்டுக்கொண்டே நுழைவது இங்கே வழக்கம்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

வண்டி போன பிறகு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். "நான்தாம்மா போட்டேன். வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு."

"ஆளில்லாத சட்டையை எவளாவது துவைச்சுப் போடுவாளா?"

"துவைக்கல. சும்மா போட்டேன்."

"அக்காளும் தம்பியும் சேர்ந்துக்கிட்டீங்க. திட்டுவேன்னு பயப்படறானா? ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சொல்லு. எங்கடி போயிருக்கான்?"

எவ்வளவு சொல்லியும் அம்மா கீழே இறங்கவில்லை. அவன் திரும்பி வரும்போது வீடு பூட்டிக்கிடக்கக் கூடாதாம். வேறு வழியில்லாமல் மகளும் அங்கேயே படுக்கையை விரித்தாள். இரவு முழுக்க அம்மா விழித்தே கிடந்தாள்.

மேலாளருக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. வந்த கட்டுரைகளில் எல்லாம் அம்மாவின் முகம். "பெத்தவங்களை இதைவிட நல்லா யார் வச்சுக்க முடியும்? வீட்டுக்கு வீடு, காத்துக்குக் காத்து. இருக்கட்டும்மா" என்றார். அவசரம் மட்டும் கேலியை விட்டுவிட்டான். "தூக்கி வண்டியில உட்கார வச்சிடட்டுமா, அக்கா?" என்று ஒருநாள் தாழ்ந்த குரலில் கேட்டான். அக்கா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தூக்கிட்டுப் போனா மட்டும்? மறுபடி பஸ் ஸ்டாப்ல போய் உட்காருவாங்க."

அதன்பின் வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அம்மா படியில் நின்று தேநீர் கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: "வர்ற வழியில எம் பையனைப் பார்த்தீங்களா?"

அவள் மொழிபெயர்த்தாள்: "பயணம் நன்றாக இருந்ததா என்று கேட்கிறார்."

அவர்கள் முகம் மலர்ந்து, அம்மாவைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார்கள். தாடிவைத்த ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஆட்டினார், மலைப்பக்கம் கையைக் காட்டி ஏதேதோ பேசினார். வழியில் பார்த்த பள்ளத்தாக்கைப் பற்றி.

"பார்த்தாராமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, பார்க்கலையாம்."

"ஆமான்னுதானே தலையாட்டினார்?"

அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கூட்டத்தில் வயதான ஓர் எழுத்தாளர் அம்மாள் வந்திருந்தார். நோட்டும் கேமராவும் இல்லாமல் அம்மாவின் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு, "பயணம் நலமா என்பதற்கா இவ்வளவு நடுங்குகிறது இந்தக் கை? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்" என்றார்.

அவள் தெருவைப் பார்த்தாள். மற்றவர்கள் புகைபோக்கியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னாள். கப்பலை, சட்டையை, தலையாட்டியவர்களை, எல்லாவற்றையும்.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மாவை நேராகப் பார்த்து, இல்லை என்று மெதுவாகத் தலையசைத்தார். அந்தப் படியில் அப்படித் தலையசைத்த முதல் ஆள் அவர்தான். அம்மா அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"பாவம், இவங்களுக்குத் தெரியல" என்றாள் அம்மா, மகளிடம் திரும்பி. "வேற வழியா வந்திருப்பாங்க. அந்தத் தாடிக்காரர்தான் பார்த்திருக்கார். மலைப்பக்கம் கையைக் காட்டினாரே. அவரைத் திரும்ப வரச்சொல்லி எழுதுடி."

"அம்மா, அவர் பார்க்கல. நான் கேட்கவே இல்ல. நான் வேற என்னமோ கேட்டேன்."

"சரி, அப்ப இந்தத் தடவை ஒழுங்காக் கேளு."

அம்மா எழுந்து அந்த அம்மாளின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

"எழுதறியா?"

"எழுதறேம்மா."