பாதிச் சவரம்

1

ஆயிரத்து நூற்று நாற்பது. என் அத்தானின் சலூனில் ஒரு வேன் டிரைவர் வைத்திருந்த பாக்கி இது. கதையில் இரத்தம் வருகிறது என்பதால் இது இரத்தத்திலிருந்து பிறந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, இந்தத் தொகையிலிருந்துதான் பிறந்தது. பெற்றவனே சொல்கிறேன், நம்புங்கள்.

ஒரு சவரத்துக்கு இருபது. ஐம்பத்தேழு சவரம். அத்தான் கடனை எழுதி வைக்கிறவர் இல்லை. சவரம் முடிந்து துண்டை உதறும்போது உரக்கச் சொல்லிவிடுவார்: "இதோட நாப்பத்தொண்ணு." டிரைவர் கண்ணாடியைப் பார்த்துத் தாடையைத் தடவிக்கொண்டே, "அடுத்த வாரம் அண்ணே" என்பார். அடுத்த வாரம், "இதோட நாப்பத்திரெண்டு." பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு இது வணக்கம் சொல்வது மாதிரி பழகிப்போனது. டிரைவருக்கும் 'அடுத்தவாரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒருநாள் அவர் மனைவியே வாசலில் நின்று, "எங்க வீட்டு அடுத்தவாரம் இங்க இருக்காரா?" என்று கேட்டாள்.

2

நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு.

'அன்று காலை வானம் சிவந்திருந்தது, ஏதோ நடக்கப்போவதை முன்கூட்டியே'

[இங்கேயே இறக்கி வைத்துவிட்டேன். வானம் வழக்கம்போலத்தான் இருந்தது. நான் மூட்டை தூக்குகிறவன். பாதி வழியில் இறக்கிய மூட்டையை ஒளித்து வைக்க எனக்கு இடம் கிடையாது. கிடக்கட்டும், தாண்டிப் போங்கள்.]

'கையில் ஒரு கத்தரிக்கோலும் கண்ணில் ஆயிரம் கனவுகளுமாக அவர் இந்த மண்ணில்'

[இதுவும் அப்படியே. அத்தான் வந்தது பஸ்ஸில். வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாராம்.]

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்குப் பிழைக்க வந்த எங்கள் ஆட்களில் ஒருவன், எங்கள் பேச்சைப் பேசுகிறவன், பஸ் நிலையத்தில் கத்தியை எடுத்து நான்கு பேரைக் குத்தினான். இரண்டு பேர் பிழைக்கவில்லை. ஒருத்தி டிக்கெட் கொடுக்கிறவள். இன்னொருவர் மகளை வழியனுப்ப வந்தவர்.

'அவன் யார் என்றே எங்களுக்குத் தெரியாது' என்று அடுத்த வரியை எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உண்மைதான். ஆனால் தெரிந்திருந்தால் மட்டும் என்ன? தெரிந்தவன் குத்தினாலும் குத்தியவன் அவன்தானே.

மறுநாளிலிருந்து இந்த ஊரில் எங்கள் எல்லோர் கையிலும் கத்தி முளைத்துவிட்டது. சந்தையில் என் முதுகில் மூட்டை ஏற்றுகிறவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டு, கையைப் பார்த்துப் பேசினான். எங்கள் ஆள் ஒருவரின் பழவண்டியைக் கவிழ்த்தார்கள். பழம் உருண்டு சாக்கடையில் விழுந்தது, அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எங்கள் தெருவில் ஜன்னல்கள் உடைந்தன. சிலர் சாமான் கட்டி ஊரை விட்டே கிளம்பினார்கள். எனக்காவது கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். அத்தானுக்குத் தொழிலே கத்தி, அதுவும் அடுத்தவன் கழுத்தில் வைக்கிற கத்தி.

3

ஒரே அறை. ஒரே நாற்காலி. எதிரெதிராக இரண்டு கண்ணாடி. காத்திருக்க ஒரு பெஞ்சு. அத்தானுக்கு ஒரு முறை உண்டு. புது பிளேடை உட்கார்ந்திருப்பவர் கண்ணெதிரே உறை பிரித்து, இரண்டாக ஒடித்து, கத்தியில் மாட்டி, முதல் இழுப்பைத் தன் முன்கையில் இழுத்துப் பார்ப்பார். அதனால் அவருடைய இடது முன்கையில் ஒரு முடி கிடையாது. தன் தோல் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்தவர் தோலுக்குக் கத்தி போகும்.

அந்த நாட்களிலும் அவர் நேரத்துக்கு ஷட்டரைத் தூக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்தார். கழுத்துதான் ஒன்றும் வரவில்லை. கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தினமும் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். இந்த ஊரிலேயே முகம் மழமழவென்று இருந்த மூட்டைக்காரன் அப்போது நான்தான்.

கடைவீதிச் சங்கச் செயலாளர் வந்தார். நல்ல மனிதர்தான், குரலைக்கூட உயர்த்தமாட்டார். கையில் ஓர் அட்டை. 'நடந்ததற்கு வெட்கப்படுகிறோம். எங்களை மன்னியுங்கள்.'

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க ஆளுங்க எல்லாரும் கடையில இதை மாட்டிட்டாங்க. வாசல்ல ஒரு ஆணி அடிச்சா விஷயம் முடிஞ்சுது."

அத்தான் அட்டையை வாங்கி இரண்டு தரம் படித்தார். செத்துப்போனவள் முகம் அவருக்குத் தெரியும். டிக்கெட் வாங்கும்போது சில்லறையை எண்ணி உள்ளங்கையில் வைப்பாள், தட்டில் போடமாட்டாள். அவளை அடக்கம் செய்த அன்று அத்தானும் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் சாப்பிடாமல் கிடந்தார்.

"துக்கம்னு எழுதியிருந்தா நானே ஆணி அடிச்சிருப்பேன். மன்னிப்புன்னு எழுதியிருக்கே."

"வெறும் வார்த்தைதானே?"

"வாங்காத கடனுக்கு நான் எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?"

கடைக்குப் பின்னால் துண்டு துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையோடு வந்தாள். "ஏங்க, போன வருஷம் உங்க சங்கத்துல ஒருத்தர் சீட்டுப் பணத்தைச் சுருட்டிட்டு ஓடினாரே, அப்ப நீங்க கடைக்குக் கடை அட்டை மாட்டினீங்களா? நான்தான் பாக்காம விட்டுட்டேனா?"

செயலாளர் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் செருப்பை மாட்டினார். அட்டையை எடுத்துப்போக மறந்துவிட்டார். நல்ல கெட்டியான அட்டை. அக்கா அதைத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக்கிவிட்டாள்.

அவர் போன பிறகு அத்தான் சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு கழுத்தும் வரலேன்னா வாடகை குடுக்க வழியில்ல, சாவியைக் குடுத்துடுவேன். ஆனா மன்னிப்புக் கேட்டு வர்ற கழுத்து ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்."

அக்கா துண்டை முறுக்கிப் பிழிந்தாள். "சாவியைக் குடுக்கிறப்பவும் தலைய நிமித்திக்கிட்டுக் குடுங்க. நான் கூட வரேன்."

4

(இந்தப் பகுதியை வேண்டாதவர்கள் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இது நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்ட பகுதி.)

எழுதிய வரைக்கும் அத்தானுக்குப் படித்துக்காட்டினேன். என் கன்னத்தில் நுரை. அவர் கையில் கத்தி. விமரிசனத்துக்கு இதைவிட ஆபத்தான இடம் கிடையாது.

"'அவர் கண்களில் நீர் தளும்பியது'..."

"யாரு கண்ணுல?"

"உங்க கண்ணுல அத்தான்."

"எப்ப?"

"கதையில."

"அடிச்சிடு மாப்ளே. நான் அழுதிருந்தா உங்க அக்காவுக்கே தெரியாம அழுதிருப்பேன். உனக்கு எப்படித் தெரியும்?"

அடித்துவிட்டேன்.

குத்தியவனைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். அவன் பிள்ளைப் பருவம், தனிமை, மனசுக்குள் என்ன ஓடியது என்று. நன்றாகவே வந்திருந்தது. அக்கா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இந்தக் கதையில இருக்கிறதே ஒரு நாற்காலி. அதுல அவனை எதுக்குடா உக்கார வைக்கிற? ஊரே அவனைத்தான் நம்ம தலையில உக்கார வச்சிருக்கு." அந்தப் பக்கம் இப்போது இல்லை.

அடுத்தவாரத்தை நான் வில்லனாக்கினேன். மீசையை முறுக்குகிற மாதிரி ஒரு வரிகூட வைத்தேன். அத்தான் கத்தியை நிறுத்தினார்.

"அவனுக்கு ஏதுடா மீசை? நான்தானே எடுக்கிறேன். அவன் கெட்டவன் இல்ல மாப்ளே. கடன்காரன். ரெண்டும் வேற வேற."

5

மாசக் கடைசிக்கு ஒரு வாரம் இருந்தது. உச்சி வெயில். தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. அடுத்தவாரம் வருகிறார். தனியாக அல்ல, வேன் ஸ்டாண்டு நண்பர்கள் நாலைந்து பேரோடு. ஒருவன் கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். பின்னால் வேடிக்கை பார்க்க இன்னும் கொஞ்சம் பேர்.

"அண்ணே!" தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல். "யாரு என்ன வேணா சொல்லட்டும். எனக்கு உங்க மேல பயம் இல்ல. இந்தாங்க என் கழுத்து!"

நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். வாசல் நிறைய முகங்கள்.

[இங்கே கதையை முடித்திருந்தால் எல்லோருக்கும் பிடித்திருக்கும். கத்தி மெல்ல இறங்குகிறது, கை நடுங்குகிறது, ஆனால் கீறல் இல்லை, கூட்டம் கைதட்டுகிறது, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு முடிவை எழுதியும் வைத்திருக்கிறேன். அவசரம் உள்ளவர்கள் இதிலேயே இறங்கிக்கொள்ளலாம்.]

அத்தான் அந்தக் கழுத்தைப் பார்த்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த கழுத்து. குரல்வளைக்கு இடதுபுறம் முடி சுழிந்து வளரும், அங்கே கத்தியைச் சற்றுப் படுக்க வைக்கவேண்டும். ஐம்பத்தேழு தடவை இதே நாற்காலியில் இதே கழுத்து சாய்ந்து கிடந்திருக்கிறது. பாதி நாள் குறட்டைகூட விட்டிருக்கிறது. அப்போதெல்லாம் யாரும் படம் பிடிக்கவில்லை. இதுவரை சவரத்துக்கு வந்த கழுத்து, இன்று தானம் செய்ய வந்திருக்கிறது.

அத்தான் வேலையைத் தொடங்கினார். துண்டு. தண்ணீர். நுரை. பிளேடை உறை பிரித்தார், ஒடித்தார், மாட்டினார். கைப்பேசிக்காரன் கிட்டே வந்தான். அத்தான் முன்கையில் இழுத்துப் பார்த்தார். பிறகு வலது கன்னத்தில் ஆரம்பித்து, தாடை, வலது பக்கக் கழுத்து, நடுக் குரல்வளை வரை வந்தார். கத்தி அரிசி களைகிற சத்தத்தில் போனது.

நடுவில் நின்றது. அத்தான் கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"இதோட ஐம்பத்தேழரை."

அடுத்தவாரம் கண்ணைத் திறந்தார். "என்னண்ணே? இன்னொரு பக்கம்?"

"ஆயிரத்து நூத்தம்பது. பாக்கியை வை. அப்புறம் இன்னொரு பக்கம்."

"அண்ணே, நான் எதுக்கு வந்திருக்கேன்னு புரியலையா? உங்களுக்காக வந்திருக்கேன்!"

"சவரத்துக்கு வந்தேன்னு நெனச்சேன்."

"ஊரே உங்களை நம்பாதப்ப, நான் ஒருத்தன் நம்பி..."

"நம்புனது நான்டா." அத்தானின் குரல் உயரவில்லை. "ஐம்பத்தேழு தடவை நம்பியிருக்கேன். நீ இன்னைக்குத்தான் ஆரம்பிக்கிற. அதுவும் ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து."

கைப்பேசி தானாகவே கீழே இறங்கியது. படம் பிடித்தவன் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தான்.

அடுத்தவாரம் எழுந்தார். கழுத்தில் துண்டு. ஒரு கன்னம் கண்ணாடி, ஒரு கன்னம் நுரை. விறுவிறுவென்று தெருவைக் கடந்தார். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே குரல் கொடுத்தார்: "என்னய்யா அடுத்தவாரம், பாதி இந்த வாரம், பாதி அடுத்த வாரமா?"

தெரு சிரித்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு. அதைவிட, எங்களைப் பார்த்துச் சிரிக்காத சிரிப்பு.

6

இனி முடிவுகள்.

முதல் முடிவு: அடுத்தவாரம் திரும்பி வரவே இல்லை. தாடி வளர்த்துக்கொண்டார். [அவர் மனைவி சம்மதிக்கமாட்டாள்.]

இரண்டாம் முடிவு: அவர் கோபத்தோடு கூட்டத்தைக் கூட்டிவந்து கடையை [இதை எழுதக் கை வரவில்லை. ஊரில் இப்படியும் நடந்தது. ஆனால் அவர் கடன்காரர், கெட்டவர் இல்லை. அத்தான் சொல்லியிருக்கிறார்.]

மூன்றாவது, நடந்தது. அவர் பின்னாலேயே நானும் போனேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது. அவர் நேராகத் தெருக்கோடியில் இருக்கிற இன்னொரு சலூனுக்குப் போனார். அந்தக் கடைக்காரர் எங்கள் ஆள் இல்லை. சம்பவத்துக்குப் பிறகு அத்தானோடு ஒரு வார்த்தை பேசாதவர். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறவர்.

"இந்தப் பக்கத்தை எடுத்து விடுங்க, சீக்கிரம்."

அவர் அந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பி, சவரம் ஆன கன்னத்தை விரலால் கீழிருந்து மேலே தடவிப் பார்த்தார்.

"அவர் வேலையா?"

"ஆமா."

"சுத்தமா இருக்கு." கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கை தொட்ட முகத்தை இன்னொரு கை தொடாது. எங்க தொழில்ல அது வழக்கம் இல்ல. அவர்கிட்டயே போ."

"பணம் கேக்கிறாருய்யா!"

"பின்ன, பூ கேப்பாரா? போய்க் குடு."

[அவர் நினைத்திருந்தால் அன்று அத்தானை முடித்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. இந்தக் கதையில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர். அவரைப் பற்றி இதற்குமேல் ஒரு வரி கூட்டி எழுதினாலும் அது கெட்டுவிடும்.]

அடுத்தவாரம் நண்பர்களிடம் கொஞ்சம், பஞ்சர் கடையில் கொஞ்சம், மீதியை மனைவியிடம் என்று திரட்டிக்கொண்டு வந்து கண்ணாடிக்குக் கீழே வைத்தார். ஆயிரத்து நூற்று அறுபது. முழுச் சவரத்துக்கும் சேர்த்து. அத்தான் அவசரப்படாமல் எண்ணினார். வாசலில் இருந்தவர்கள் அவரோடு சேர்ந்து உதட்டுக்குள் எண்ணினார்கள்.

காய்ந்த நுரையைத் துடைத்துப் புது நுரை போட்டார். இடது பக்கம். சுழி இருக்கிற இடத்தில் கத்தியைப் படுக்க வைத்தார். இந்தத் தடவை அடுத்தவாரம் யாருக்கும் கழுத்தைக் கொடுக்கவில்லை. சும்மா சாய்ந்திருந்தார், முன்பெல்லாம் சாய்வது போல.

"இதோட எவ்வளவுண்ணே?"

"இதோட ஒண்ணுமில்ல. தீந்துபோச்சு."

7

மாசக் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாவி யார் கையில் இருக்கிறது, வாடகை கட்டினாரா, வாசலில் நின்றவர்களில் யாராவது உள்ளே வந்தார்களா என்று.

எழுதிப் பார்த்தேன். எல்லோரும் வரிசையில் நிற்பதாக ஒரு முடிவு. அக்கா, "பொய்" என்றாள். ஒருவரும் வராததாக ஒரு முடிவு. அத்தான், "எழவு வீடு மாதிரி இருக்கு" என்றார். இரண்டையும் இங்கேயே இறக்கி வைக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். எங்களுக்கு வரவேண்டியது வந்துவிட்டது. நாங்கள் கொடுக்கவேண்டியது எதுவும் இல்லை.

அடுத்தவாரம் தாடையைத் தடவிக்கொண்டு படி இறங்கிவிட்டார். தண்ணீர் டிரம்மின் மேல் அந்த அட்டை ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. அத்தான் நாற்காலியைத் துடைத்து வாசல் பக்கம் திருப்புகிறார். நான் காலையிலேயே சவரம் செய்துகொண்டவன், மறுபடி உட்கார முகம் இல்லை. இவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது நீங்கள்தான்.

அத்தான் துண்டை உதறுகிறார்.

"அடுத்து யாரு?"