எட்டாத நாற்காலி

கட்டிலிலிருந்து குளியலறைவரை தையல் டீச்சர் தமக்கென ஒரு வழி வகுத்திருந்தார். கால்மாட்டில் மர நாற்காலி. அடுத்துத் தையல் இயந்திரம். அதையடுத்துத் துணி அலமாரி. அவருடைய கை அடுத்ததைத் தொட்ட பின்னரே முன்னதை விடும்.

மழைக்காலத்தில் ஒரு நாள், இரத்த அழுத்த மாத்திரை தந்த தலைச்சுற்றலில், சமையலறையில் தனியே விழுந்தார். காயம் ஆறியது, அச்சமோ முழங்காலிலே குடியேறிவிட்டது. அச்சத்தால் நடை குறைந்தது. நடை குறையக் கால் மெலிந்தது. மெலிந்த காலைக் கண்டு அச்சம் கொழுத்தது. ஒருவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால், மகள் தன்னோடு அழைத்துப் போய்விடுவாள். தம் வீட்டைத் தாமே பூட்டித் திறக்கும் வாழ்வு அன்றோடு முடியும்.

அந்த மகள்தான் இன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"வயசானவங்க நடக்கிற வழியில எதுவும் கிடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இது என்ன வீடா, பழைய சாமான் கடையா?"

"நாற்காலி அங்கேயே இருக்கட்டும்டி."

"ஏன், வேர் விட்டிருச்சா?"

"மெஷினையாவது விடு. தைக்க வேணும்."

"ஊசியில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுறே, யாருக்குத் தைக்கப் போறே?" என்றவள் சட்டென்று நின்றாள். "அம்மா, இதையெல்லாம் பிடிச்சுக்கிட்டா நடக்கிறே?"

சொல்லிவிடலாம். நாவின் நுனிவரை வந்துவிட்டது.

"எனக்கென்னடி கேடு? நல்லாத்தான் நடக்கிறேன்."

நாற்காலி நகர்ந்தது; இயந்திரம் மூலைக்குப் போயிற்று; அலமாரியும் கூடத்துக்குப் பெயர்ந்தது. மகள் தரையை அன்போடு துடைத்துக் காயவைத்தாள்.

"இப்போ ஓடியே போகலாம். எங்கே, ஒரு தடவை நடந்து காட்டு."

டீச்சர் எழுந்தார். வெறுந்தரை கரை தெரியாத நீர்ப்பரப்பாய் விரிந்து கிடந்தது. இறைவன் திருநாமத்தை உதட்டுக்குள் முணுமுணுத்தபடி அடியெடுத்தார். பழகிய கை பக்கவாட்டில் நீண்டது. நாற்காலி இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது.

மகள் பதறி ஓடிவந்து தூக்கி, கட்டிலில் அமர்த்தினாள்.

"எதும்மா தடுக்கிச்சு? வழியில ஒண்ணுமே இல்லையே!"

டீச்சரின் கை மகளின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"போதும், இனி நீ தனியா இருக்க வேண்டாம். என்கூட வந்துடு. உன் துணியை எடுத்து வைக்கிறேன். கையைக் கொஞ்சம் விடும்மா."

டீச்சர் விட முயன்றார். மகளின் மணிக்கட்டைப் பற்றியிருந்த விரல்கள் கேட்கவில்லை. தொட்டுக்கொள்ள வேறொன்றும் எட்டவில்லை அவற்றுக்கு.