பெஞ்சில் ஒரு பழுப்புக் கோட்டு

முகத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் உலகத்தில் ஏராளம். கிரீனா மயங்கியது ஒரு முதுகைப் பார்த்து. அதுவும் பேரன் பேத்தி எடுக்கிற வயதில், ஃப்ளிஸிங்கன் என்கிற துறைமுக ஊரின் கடற்கரைச் சாலையில், மூக்கு ஒழுகுகிற குளிரில்.

குற்றம் அவளுடையது மட்டுமல்ல, அவள் வேலையும் அப்படி. மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன மரப்பெட்டி. திறந்தால் மூடியிலேயே ஒரு பலகை நிற்கும், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. கீழ்த்தட்டில் எண்ணெய் வண்ணங்கள். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம், படகுத்துறை, சந்தை என்று போய் உட்கார்ந்து அங்கே இருக்கிற ஜனங்களை வரைவாள். உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சண்டை போடும் தம்பதி, ஷூவுக்குள் போன மணலைக் கொட்டும் பெண், பேப்பரோடு காற்றில் மல்லுக்கட்டும் கிழவர். முன்னால் போய் உட்கார்ந்தால் ஜனங்கள் விறைத்துப்போவார்கள். இல்லையென்றால் எழுந்து வந்து "என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று வம்புக்கு நிற்பார்கள். அதனால் பின்னால்தான் உட்காருவாள். பின்னாலிருந்து ஒருவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஏன் பார்க்கிறாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அப்படிப் பார்க்கப்போய்த்தான் மரீனுஸ் அகப்பட்டார். ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போகிற பெரிய பெரிய கப்பல்களில் ஏறி வழிகாட்டிக் கொண்டுபோன பைலட், இப்போது ஓய்வில் இருப்பவர். காலை நேரத்தில் அவர் உட்கார ஒரே பெஞ்சு, அதிலும் ஒரே இடம், வலது ஓரம். கப்பல்கள் கரைக்கு ரொம்பப் பக்கத்தில் போகிற ஊர் அது. ஒவ்வொரு கப்பல் திரும்பும்போதும் அவர் தோள் தானாகத் திரும்பும், இன்னும் தானே அதை ஓட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. கிரீனா இரண்டு குளிர்காலமாக பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற குட்டைச் சுவரில் உட்கார்ந்து அந்தத் தோளை வரைந்துகொண்டிருந்தாள். அவர் காதுமடல் குளிரில் எந்தச் சிவப்புக்கு மாறும் என்று அவளுக்குத் தெரியும். அவர் கண் என்ன நிறம் என்று தெரியாது.

போய்ப் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டிருப்பேன். பேசாமலே இருந்து பழகியவர்களுக்கு ஒரு "காலை வணக்கம்" எவ்வளவு கனம் என்று, வாயாடிகளான நமக்கு எங்கே புரியப்போகிறது.

அக்டோபரில் ஒரு நாள் அவரைப் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே மனிதர் எழுந்து போய்விட்டார். அது புதிதல்ல. வரைகிறவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. முதுகும் தொப்பியும் பலகையில் ஏறிவிட்டன. ஆனால் படம் வலது பக்கமாகக் குடைசாய்ந்து நின்றது. இடது பக்கத்தில் கனமாக ஏதாவது வேண்டும். வேறு நாளாக இருந்தால் அடுத்து வந்து உட்காருகிற ஆளை அங்கே சேர்த்துவிடுவாள். அன்றைக்கு அடித்த காற்றில் ஒரு ஈ காக்கை வரவில்லை, வெளிச்சமோ மாறிக்கொண்டிருந்தது.

கிரீனா தன் பழுப்புக் கோட்டைக் கழற்றினாள். பையை பெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்து, அதன் மேல் கோட்டைப் போட்டு, காலரில் பச்சைத் துண்டைச் சுற்றி, உள்ளே ஃபிளாஸ்க்கைச் செருகி அதன் தலையில் தன் கம்பளித் தொப்பியை மாட்டினாள். சுவருக்குத் திரும்பி வந்து, பல் கிட்டிக்க அதை வரைந்தாள். பழுப்பு சரியாக வந்தது. பச்சையும் வந்தது. கடைசியில் தோளை இழுக்கும்போது மட்டும் பிரஷ் கொஞ்சம் வலது பக்கம் போயிற்று. படத்தில் இருந்த பெண் அந்த ஆளின் பக்கம் லேசாகச் சாய்ந்துவிட்டாள். கிரீனா அதைத் துடைக்கத் துணியை எடுத்தாள், எடுத்தவள் அப்படியே மடியில் வைத்துவிட்டாள்.

அந்தப் படத்தை அவள் யாருக்கும் காட்டுவதாக இல்லை. ஆனால் சாலைக் கோடியில் மீன் பொரித்து விற்கிற ட்ரூஸ் என்று ஒரு சிநேகிதி இருக்கிறாளே. கை உறைந்துபோனால் கிரீனா அவள் கடை அடுப்போரம்தான் போய் நிற்பாள். அங்கே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ட்ரூஸ், "இது எனக்கு" என்று பிடுங்கிக்கொண்டாள். தரமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். கிரீனா வாயை மூடிக்கொண்டாள். படம் கடைச் சுவரில், கடுகு பாட்டில்களுக்கு மேலே ஏறியது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். கிரீனா அடுப்போரம் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது, மரீனுஸ் உள்ளே வந்தார். அவளுக்குத் தெரிந்த அந்த முதுகுக்கு முன்பக்கமும் இருந்தது. கண் சாம்பல் நிறம்.

"சூடா ஒரு பொட்டலம் போடு ட்ரூஸ். மீனைப் பொரி, உன் பேச்சைப் பொரிக்காத."

"பேசறதுக்குத் தனியா காசு வாங்கறதில்லையே, கேட்டுட்டுப் போங்க" என்றவள், கரண்டியால் சுவரைக் காட்டினாள். "உங்க படத்துக்கு நேரா நிக்கிறீங்க, தெரியுதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு இது?"

"நீங்கதான்! ஊருக்கே தெரியுது. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னா எப்படி?"

மரீனுஸ் பலகைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். தொப்பியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், சந்தேகத்தோடு தன் காதைத் தொட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் விரல் இடது பக்கம் நகர்ந்து நின்றது.

"இந்தம்மா யாரு?"

"வரைஞ்சவளையே கேளுங்க. இதோ நிக்கிறா, கிரீனா."

இரண்டு குளிர்காலமாக அவள் ஏங்கிய விஷயம் அப்போது நடந்தது. மரீனுஸ் திரும்பி அவளைப் பார்த்தார், பேசினார். பேசினது இன்னொரு பெண்ணைப் பற்றி.

"என் பக்கத்துல ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்களா? இவ்வளவு கிட்டயா?"

"கண்ணால பார்க்காததை இவ வரைய மாட்டாளே" என்று ட்ரூஸ் குறுக்கே புகுந்தாள். "இல்லாத ஒரு கடல்காக்காயைக்கூடச் சேர்க்க மாட்டா. ஒருதடவை எங்கடைக்கு முன்னால கூட்டமா வரைஞ்சு குடுடின்னு கேட்டேன். கூட்டம் வரட்டும் வரையறேன்னுட்டா, பாவி."

பொய் சொல்ல வேண்டும் என்று கிரீனா நினைக்கவில்லை. ஆனால் கோட்டுக்குள் பை, தொப்பிக்குள் ஃபிளாஸ்க் என்று சொன்னால், அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல அவளால் முடியாது.

"உட்கார்ந்திருந்தாங்க" என்றாள். "கொஞ்ச நேரம். அப்புறம் போயிட்டாங்க."

மரீனுஸின் முகம் சுருங்கியது. பொட்டலத்தை வாங்கவும் மறந்து நின்றார். "என் வீட்டுக்காரி கொர்னேலியா இதைத்தான் சொல்லுவா. பத்து மைல் தள்ளி வர்ற கப்பல் உனக்குத் தெரியுது, பக்கத்துல இருக்கிற ஆள் தெரியல. சாகறவரைக்கும் சொன்னா. நான் சிரிச்சுக்குவேன்." மறுபடி படத்தைப் பார்த்து, "சாய்ஞ்சில்ல உட்கார்ந்திருக்காங்க? ஏதோ கஷ்டமோ என்னவோ. நான் திரும்பிக்கூடப் பார்க்கலையே" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் இரண்டு கோப்பை கொண்டுவர ஆரம்பித்தார். தோள்பையில் கூஜா நிறையக் காபி, காகிதத்தில் சுற்றி, விரலில் ஒட்டுகிற பட்டை வாசனை பொலுஸ் ரொட்டி இரண்டு. வலது ஓரத்தில் இன்னும் ஒடுங்கி உட்கார்ந்து இடது பக்கத்தைக் காலியாக வைத்தார். கப்பல் போனால் இப்போது தோள் திரும்புவதில்லை. தலைதான் திரும்பியது, சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பழுப்பு நிறத்தில் எவள் போனாலும் முதுகு நிமிரும், அவள் கடந்துபோனதும் தணியும். எல்லாப் பக்கமும் பார்த்தார், பின்பக்கத்தைத் தவிர.

கிரீனா சுவரில் உட்கார்ந்து அதையும் வரைந்தாள். ஒரு ஆள், ஒரு காலியிடம், நடுவே ஆவி பறக்கும் கோப்பை. இதைப் போல ஒரு நல்ல படம் அவள் வரைந்ததே இல்லை. வரைந்துகொண்டே அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடல் காற்றின் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை.

இதில் கூத்து என்னவென்றால், இருந்த ஒரே நல்ல கோட்டை அவளால் போட முடியவில்லை. பழுப்புக் கோட்டு வீட்டில் ஆணியில் தொங்க, மெல்லிய மழைக்கோட்டில் வந்து நடுங்கினாள். டிசம்பர் பிறப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

"ஏண்டி, உன் கோட்டு எங்கடி?" என்று ட்ரூஸ் பிடித்துக்கொண்டாள். "மார்ல சளி கட்டிக்கிட்டு இந்த ஓட்டைத் துணியைப் போட்டுட்டு வர்ற. அந்தப் பழுப்புக் கோட்டை என்ன பண்ணின?"

சொல்லிவிட்டு அவளே சுவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பச்சைத் துண்டைப் பார்த்தாள். பொரிகிற மீனை மறந்துபோய் வாயைப் பிளந்தாள்.

"அடிப்பாவி."

"கத்தாத."

"அந்த மனுஷன் தினம் ரெண்டு ரொட்டி வாங்கி, ஒண்ணைக் கடல்காக்காய்க்குப் போட்டுட்டுப் போறாரு. நீ பின்னால குந்திக்கிட்டு படமா போடற? எழுந்து போய் உட்காருடி!"

"எப்படி உட்காருவேன்? உட்கார்ந்தா உண்மையைச் சொல்லணும். சொன்னா அவர் தேடற ஆள் இல்லாம போயிடுவா."

"அவர் தேடறது உன் கோட்டைத்தானே!"

"கோட்டைத்தான். என்னையில்ல" என்றாள் கிரீனா. இருமல் வந்து மேலே பேச விடவில்லை.

ஆனால் அன்று வீட்டுக்குப் போனவளுக்கு அந்த ரொட்டி விஷயம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து பார்க்கிறவளுக்கு அவர் ரொட்டியைக் கடல்காகத்துக்குப் போடுவது தெரியவில்லை. முன்னால் கை செய்வது முதுகில் தெரிந்தால்தானே. தான் ஒரு மனிதரை நாள் கணக்கில் ஏமாற்றி, அந்த ஏமாற்றத்தையே அழகாக வரைந்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். பச்சைத் துண்டைச் சுற்றினாள், தொப்பியை மாட்டினாள். வண்ணப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பெஞ்சின் இடது பக்கம் அவள் உட்கார்ந்ததும் மரீனுஸ் திரும்பினார். கோட்டைத்தான் முதலில் பார்த்தார், பிறகு முகத்தை.

"படம் போடற அம்மா... இந்தக் கோட்டு... அது நீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காபி தானாக வரும். ராத்திரியெல்லாம் அதையும் யோசித்துப் பார்த்திருந்தாள்.

"இல்லைங்க. யாருமே இல்லை. நீங்க பாதியில எழுந்து போயிட்டீங்க. இந்தப் பக்கம் காலியா இருந்துச்சு. என் கோட்டைக் கழட்டிப் பை மேல போட்டேன். தலைக்கு ஃபிளாஸ்க்."

"ஃபிளாஸ்க்கா?"

"அதுக்கு மேல இந்தத் தொப்பி."

அவர் தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். "இத்தனை நாளா ஒரு ஃபிளாஸ்க்குக்கா காபி கொண்டுவந்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போது தோள் இரண்டும் இறங்கின. "அப்போ நான் யாரையும் பார்க்காம விடலை. கொர்னேலியா சொன்னது இந்தத் தடவை தப்பு." அந்த நிம்மதியைப் பார்க்கக் கிரீனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஆனா அது சாய்ஞ்சிருந்துச்சே" என்றார் அவர். "ஃபிளாஸ்க் எப்படிச் சாயும்?"

"ஃபிளாஸ்க் நேராத்தான் இருந்துச்சு. நான்தான் சாய்ச்சேன்."

ஒரு நீளமான சரக்குக் கப்பல் அவர்களுக்கு முன்னால் திரும்பிக்கொண்டிருந்தது. மரீனுஸ் அதைப் பார்க்கவில்லை.

"எங்கேருந்து வரைவீங்க?"

அவள் திரும்பாமலே கட்டைவிரலால் பின்னால் சுவரைக் காட்டினாள்.

"எவ்வளவு நாளா?"

"போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்திலிருந்து."

முகத்திலிருந்த நிம்மதி போய்விட்டது. "அங்கேயேவா? நான் இங்க இருக்கும்போதெல்லாமா?" என்றார். அவள் தலையாட்டினாள். "அப்போ அவ சொன்னது சரிதான்" என்றார் மெதுவாக.

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். போகிறார் என்று கிரீனா நினைத்தாள். போகட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பூட்ஸ் சத்தம் சாலைப் பக்கம் போகவில்லை. பெஞ்சைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், குட்டைச் சுவரில், நீலமும் பழுப்புமாக வண்ணம் சொட்டிக் காய்ந்த அந்த இடத்தில் நின்றது. அவர் உட்காரும்போது விட்ட பெருமூச்சு கேட்டது.

அதன் பிறகு சத்தமே இல்லை. கிரீனாவுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் பார்க்கப்படுகிறவர்கள் அசைந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். தனக்கு ஒரு முதுகு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது, அதை என்ன செய்வதென்று விளங்கவில்லை. கப்பல் முழுவதும் போய் முடிந்தது. பக்கத்தில் கோப்பையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து எழுந்து வருகிற சத்தம் இன்னும் வரவில்லை.

அவர் விட்டுப்போன இடத்தின் பக்கமாகக் கிரீனா லேசாகச் சாய்ந்தாள்.