ஆணி அடித்த மேற்கு ஜன்னல்

எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. இரண்டையும் என் அப்பா ஆணி அடித்து மூடிவிட்டார். கிணத்துக்கடவுக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று ஆனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் எங்கள் ஊரின் மேல் ஓயாமல் வீசும். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து நிற்கும். ஒரு ஆடியில் பெரிய மனிதர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, பரிமாறிய இலையே எழுந்து அவர் முகத்தில் அப்பிவிட்டது. அப்பாவுக்கு மானம் போய்விட்டது. மறுநாளே சுத்தியலை எடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த ஜன்னல்கள் திறந்ததில்லை. காற்றை வெளியே நிறுத்துவது எங்கள் குடும்பத்து மரியாதைகளில் ஒன்றாகிவிட்டது.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. நானும் என் மனைவி சென்னியம்மாளும் அருமைக்காரர்கள். எங்கள் சனத்தில் கல்யாணச் சீர்களை முன்நின்று செய்துவைக்கும் தம்பதிக்கு அந்தப் பெயர். நாங்கள் அருகம்புல் எடுத்துக் கொடுத்து நடந்த கல்யாணங்கள் எத்தனையோ. மணப்பெண்ணைத் தொட்டு எழுப்பி மணவறைக்கு அழைத்து வருவது சென்னியம்மாளின் கை. அந்தக் கைக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது.

வைகாசியில் அவளுக்குப் பிடித்த இருமல் ஆனி முடிந்தும் விடவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்று சொல்லி மாத்திரையைத் தொடங்கினார்கள்.

காரில் திரும்பி வரும்போது நான் சொன்னேன். "கேக்கறவங்களுக்குச் சளிக் காச்சல்னு சொல்லிக்கலாம் புள்ள."

"நீங்க சொல்லிக்குங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே சுகாதார நிலையத்திலிருந்து அன்புச்செல்வி என்ற பெண் வந்தாள். அவளுடைய அப்பா எங்கள் தோப்பில் தேங்காய் போட்டவர். வாசலில் தயங்காமல் நேராக உள்ளே வந்து, படுக்கையறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசையில் தனியாக இருந்த எவர்சில்வர் டம்ளரில் அவள் பார்வை நின்றது.

"இது எதுக்குங்கம்மா தனியா?"

"என்ர எச்சில் அவருக்குப் பட்ரக்கூடாதல்லோ அம்மணி" என்றாள் சென்னியம்மாள்.

"டம்ளர்ல இது வராதுங்க. தட்டுல வராது, துணியில வராது. இருமறப்ப, தும்மறப்ப, பேசறப்ப மூச்சுல வரும். மூடுன ரூமுக்குள்ள சுத்திச் சுத்தி நிக்கும்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "டம்ளரத் தனியா வெக்கறதுன்னா நம்மூரு ரொம்பக் கெட்டிக்கார ஊருங்க. ஜன்னலத் தொறக்கச் சொன்னாத்தான் யோசன."

அவள் அப்பா எந்தக் கடையில் எந்த டம்ளரில் டீ குடித்தார் என்பது எனக்கும் தெரியும்.  

"மேக்கால ஜன்னலக் கழட்டிப்போடுங்க" என்றாள். "காத்து ஒரு பக்கம் பூந்து ஒரு பக்கம் போகோணும்."

"கெழக்கால ரெண்டு தொறந்துதான இருக்குது?"

"பூர்றதுக்கு வழியே இல்லயே, எதுங்க போகும்?"

பிறகு சென்னியம்மாளுக்கு ஒருவகை மாஸ்க்கும் எனக்குக் கெட்டியான வேறொரு வகையும் கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை உண்டு; ஆஸ்பத்திரியில் எனக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். "உங்க எக்ஸ்ரேயில இப்போதைக்கு ஒண்ணுமில்லீங்க. சர்க்கரைக்காரங்கள இது சீக்கிரம் புடிச்சுக்கும். பக்கத்துல போனா இதப் போடாமப் போகாதீங்க" என்று சொல்லி, தடுப்பு மாத்திரையும் எழுதி வாங்க ஏற்பாடு செய்தாள்.

மாத்திரையை விழுங்கினேன். மாஸ்க்கைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். ஊரே மாஸ்க் போட்ட காலத்தில் நானும் போட்டவன்தான். அது ஊருக்காக. கட்டினவள் முன்னால் மூக்கை மூடிக்கொண்டு நிற்பது வேறு. அவளை அசிங்கம் என்று சொல்வதற்குச் சமம் அது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

சென்னியம்மாள் என்னோடு வாதாடவில்லை. மறுநாள் காலை நான் தோப்பைச் சுற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், அவளையும் காணோம், அவள் கயிற்றுக் கட்டிலையும் காணோம். களத்தை ஒட்டித் தேங்காய் குவிக்கும் கொட்டகை ஒன்று உண்டு. நான்கு தூண், மேலே தகரம், சுவர் கிடையாது. அங்கே கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள இது?"

"ஊட்டுக்குள்ள இருந்தா நீங்க வந்து வந்து ஒக்காருவீங்க. நீங்க மூக்க மூடமாட்டீங்க. என்னால வாய மூட முடியாது. அப்பறம் என்ன பண்ணச் சொல்றீங்க?"

தூணில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருந்தாள். அது கிழக்கே பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது. கட்டிலைக் கொட்டகையின் கிழக்கு ஓரத்தில் போட்டு, எனக்கு ஒரு நாற்காலியை மேற்கே, களத்தின் அந்தக் கோடியில் போட்டுவைத்திருந்தாள்.

"துணி எந்தப் பக்கம் பறக்குதோ அந்தப் பக்கம் நானு. எதுத்த பக்கம் நீங்க. தாண்டி வந்தீங்கன்னா சோறு தொடமாட்டேன்."

சொன்னபடி செய்தாள். நான் சமைத்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ருசியைப் பற்றி எழுத மாட்டேன். தட்டைக் களத்தின் நடுவில் வைத்துவிட்டு நான் நாற்காலிக்குத் திரும்பிய பிறகுதான் அவள் வந்து எடுத்துப்போய், மாஸ்க்கை இறக்கிச் சாப்பிடுவாள். அங்கிருந்தே குரல் வரும். "ஏனுங்க, இது ரசத்துல உப்புப் போட்டதா, உப்புல ரசம் ஊத்துனதா?" காற்று தென்மேற்காகக் கொஞ்சம் திரும்பினாலும் துணியைப் பார்த்துவிட்டு எழுந்து, எலும்பும் தோலுமான அந்தக் கையால் கட்டிலை இழுத்துத் திருப்பிப் போடுவாள். நான் உதவிக்கு எழுந்தால், "ஒக்காருங்க" என்பாள். கோவையிலிருக்கும் மகனையும் பேரக்குழந்தையையும் வரவே கூடாது என்று போனில் சொல்லிவிட்டாள்.

எத்தனையோ ஆடிகளைப் பார்த்தவன் நான். வாழையைச் சாய்க்கும், கூரையைப் பிடுங்கும், புழுதியை அள்ளி வீசும் ஒரு போக்கிரியாகத்தான் அந்தக் காற்றை அறிந்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலையே இரண்டாகப் பிளந்து வழிவிட்ட காற்று அல்லவா அது! என் பிடரியைத் தொட்டுக்கொண்டு களத்தைக் கடந்து அவளிடம் போனது. அவள் இருமலை, அவள் மூச்சை, அவள் சொல்லை எல்லாம் வாங்கிக்கொண்டு கிழக்கே வெயிலுக்குள் போய்க் கரைந்தது. அதன் நடுவில் சேலை உடம்போடு ஒட்டிப் படபடக்க அவள் உட்கார்ந்திருந்தாள். கோயிலில்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்து நின்றதில்லை. அவ்வளவு பெரிய காற்றை எனக்குக் காவலாக நிறுத்திவைத்திருந்தாள் அவள். என் பையிலோ மாஸ்க் மடித்தபடியே இருந்தது.

ஆடி முடிந்த மறுநாள் நஞ்சப்பன் போன் செய்தான். சென்னியம்மாளின் சித்தப்பா மகன். அவனுடைய மகள் மோகனப்பிரியாவுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். அருமை எங்களுடையது. தாம்பூலத் தட்டோடு அழைக்க வருவதாகச் சொன்னான். அருமைக்காரர்கள் அந்தத் தட்டைத் தம்பதியாகச் சேர்ந்து நின்று கை நீட்டி வாங்க வேண்டும். அது முறை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டும் திரும்பிப் போனதில்லை.

"அக்காளுக்குக் காச்சல்னு சொன்னீங்களே மச்சான், தேவலீங்களா?"

"தேவல தேவல. வாங்க" என்றேன்.

சென்னியம்மாளிடம் சொன்னேன். "கூடத்துக்கு வந்து ஒரு கை புடிச்சு வாங்கிட்டு ஒடனே வந்துரு. ஒரு நிமிசம் புள்ள."

"பாக்கலாமுங்க."

சொன்ன நாளில் அவன் கார் களத்திலேயே வந்து நின்றது. நஞ்சப்பன் தட்டோடு இறங்குவதற்குள் மோகனப்பிரியா கதவைத் திறந்துகொண்டு, "அத்தே!" என்று கொட்டகையைப் பார்த்து ஓடினாள். குழந்தையிலிருந்து அத்தையின் மடியில் வளர்ந்தவள்.

சென்னியம்மாள் கட்டிலிலிருந்து எழுந்து பின்னால் நகர்ந்தாள். "அங்கயே நில்லு கண்ணு! கிட்ட வந்தீன்னா அறைஞ்சுபோடுவேன்!"

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்கு டிபி. சளிக் காச்சல்னு உங்க மாமா சொல்லியிருப்பாரு. அவரு மரியாதக்காரரு. நான் உன்ர அத்த."

நஞ்சப்பன் தட்டை ஏந்தியபடி என்னைப் பார்த்தான். நான் நிமிர்ந்துதான் நின்றேன். வேறு மாதிரி நின்று எனக்குப் பழக்கமில்லை.

"உள்ள போயி ஒக்காந்து பேசலாமுங்களா மச்சான்?" என்றான்.

"உள்ள வேண்டாம் தம்பி" என்று அவள் குரல் கொடுத்தாள். "அந்தத் துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாரு. நீயும் புள்ளையும் மேக்கால வந்து நில்லுங்க. காத்து உங்களத் தொட்டுட்டு என்கிட்ட வரட்டும்."

சொன்ன இடத்தில் போய் நின்றார்கள். நஞ்சப்பன் தட்டைப் பார்த்தான். "அக்கா, தட்டக் கீழ வெச்சு எடுக்கறது மொறையில்லயேக்கா."

"கீழ எதுக்கு வெக்கறே? தொட்டா ஒட்டற சீக்கில்ல இது. கைய நல்லா நீட்டிக் குடு, நான் மொகத்தத் திருப்பி வாங்கிக்கறேன்."

மாஸ்க்கின் கம்பியை மூக்கின் மேல் அழுத்திவிட்டுக்கொண்டு நடந்து வந்தாள். கை எட்டும் தூரத்தில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, வாங்க. தட்ட நான் ஒருத்தியா வாங்க முடியாது. ஆனா அந்த வெறும் மொகத்தோட என் பக்கத்துல வராதீங்க."

 தூணில் சேலைக் கிழிசல் அடித்துக்கொண்டிருந்தது. தட்டு திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் மைத்துனன் முன்னாலும் அவன் மகள் முன்னாலும் நான் மூக்கை மூட வேண்டும். எந்த மரியாதைக்காக இத்தனை நாளும் போடாமல் இருந்தேனோ அதையே பிடித்து என்னை அவள் இழுத்து நிறுத்திவிட்டாள். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை எங்கே வைத்திருந்தாள் இவள்!

பையிலிருந்து எடுத்தேன். கசங்கி, உடம்புச் சூட்டோடு இருந்தது. காற்றில் அதன் நாடா மூக்குக் கண்ணாடியோடு சிக்கிக்கொண்டது.

"மாமா, தலகீழாப் போட்டிருக்கீங்க" என்றாள் மோகனப்பிரியா. கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக இருந்தாள். "கம்பி மேல வரோணுமுங்க."

திருப்பிப் போட்டேன். நடந்துபோய் என் மனைவியின் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். என் கையும் அவள் கையும் தட்டுக்கு அடியில் தொட்டுக்கொண்டன. அத்தனை நாளுக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் நிற்கிறேன். அவள் மாஸ்க்கால் என்னைக் காப்பாற்ற, என் மாஸ்க் அதற்கு ஒத்தாசை செய்ய நாங்கள் நின்ற அந்த நிலையில் அசிங்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கல்யாணக் கோலத்தில் நின்ற நாள்கூட அவ்வளவு நெருக்கமாக இருந்ததாக நினைவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. வெற்றிலை மொத்தமும் எழுந்து பறந்தது.

"அய்யோ, வெத்தல போச்சுங்க!" என்றான் நஞ்சப்பன்.

"போகட்டும் உடு. தேங்கா இருக்குதல்ல? தேங்காயத் தூக்கற காத்து இன்னும் பொறக்கல."

எல்லாரும் சிரித்தோம். துரத்திப்போய் நாலு வெற்றிலையைப் பிடித்து வந்தாள் மோகனப்பிரியா.

"கல்யாணத்துக்கு முன்னால ரெண்டாவது சோதன இருக்குது தம்பி" என்றாள் சென்னியம்மாள். "அதுல சரியாயிருச்சுன்னா வாரேன். இல்லீன்னா வேற சோடியக் கூப்பிட்டுக்கோணும். புள்ளயத் தொடற கை, அதுக்குச் சீக்கக் குடுக்கக்கூடாது."

நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரியாயிருமுங்கக்கா. வேற சோடி பேச்சே வேண்டாம்."

சோதனை நல்லபடியாக வந்ததும், எனக்கு எடுத்த இரண்டாவது எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததும், நாங்கள் கல்யாணத்துக்குப் போனதும் பிற்பாடு நடந்தவை. அன்று சாயங்காலம் நடந்ததுதான் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கார் போன பிறகு நான் மாஸ்க்கைக் கழற்றாமலே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அப்பாவின் ஆணிகள் துருப்பிடித்திருந்தன. ஒவ்வொன்றும் கத்திக்கொண்டே வந்தது. முதல் ஜன்னலின் கடைசி ஆணி விழுந்தது; நான் திறக்கவில்லை. ஜன்னல் தானாகவே திறந்து சுவரில் மோதியது.

காற்று உள்ளே வந்தது. காலண்டர் ஆணியோடு கழன்று பறந்தது. சுவரில் அப்பாவின் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிழக்கு ஜன்னல் திரைகள் இரண்டும் வெளியே பாய்ந்து கொடிபோல நின்றன. இத்தனை வருடமாகச் சுவருக்கு வெளியே முட்டிக்கொண்டிருந்தது இவ்வளவு பெரியதா என்று கடப்பாரையும் கையுமாக நின்றேன்.

கொட்டகையிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஏனுங்க, ஊட்டுக்குள்ள யாருங்க வந்திருக்கறது? அத்தன சத்தம்!"

"விருந்தாளி" என்று கத்தினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னது அவளுக்குக் கேட்டதோ என்னவோ. சிரிக்கும் சத்தம் மட்டும் வந்தது. நான் அப்பாவின் படத்தை நேராக்கி வைத்தேன். அது மறுபடியும் சாய்ந்தது.