உரித்தெடுத்த தேதி

பிளாஸ்டிக் டப்பாவில் ஒட்டிய ஸ்டிக்கரை எடுக்க நகம் போதும் என்று நினைப்பவர்கள், அந்தப் பெரிய கடையின் பின்னறைக்கு வந்து பளிச்சக்காவின் வேலையைப் பார்க்க வேண்டும். முதலில் தலைமுடி உலர்த்தும் கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஸ்டிக்கர் இளகும் வரை சூடு காட்டுவாள். கிட்டே கொண்டுபோனால் டப்பா நெளிந்துவிடும். பிறகு பழைய அட்டை ஒன்றின் ஓரத்தால் மூலையைக் கிளப்பி, அவசரப்படாமல் உரிப்பாள். மிச்சமிருக்கும் பிசுக்கின் மேல் சமையல் எண்ணெயையும் சோடா மாவையும் குழைத்துத் தடவுவாள். கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் வட்டமாகத் தேய்ப்பாள். கடைசியில் சோப்புத் தண்ணீர். எண்ணெய் கொஞ்சம் நின்றாலும் அடுத்த ஸ்டிக்கர் ஒட்டாது.

மேலாளர் ஒருமுறை தன் புத்திசாலித்தனத்தைக் காட்ட, நகச்சாயம் அழிக்கும் திரவத்தை எடுத்துத் தேய்த்து, முப்பது மூடிகளை வெளுத்துப்போகச் செய்துவிட்டார்.

"சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. இந்தப் பக்கம் வந்து வித்தை காட்டாதீங்க" என்றாள். பின்னறையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் 'பளிச்சக்கா'.

ஆரம்பத்தில் பழைய விலைச் சீட்டுகளைத்தான் எடுத்தாள். மூன்று மாதமாக வந்தவை குழந்தைகளுக்கான பால்மாவு டப்பாக்கள். எடுக்கச் சொன்னது விலையை அல்ல, தேதியை; அந்த இடத்தில் புதுத் தேதிச் சீட்டை ஒட்ட வேண்டும்.

"தேதி முடிஞ்ச மறுநாளே மாவு விஷமாயிடுமா என்ன? கம்பெனிக்காரன் சும்மா பூச்சாண்டி காட்டுறான்" என்றார் மேலாளர்.

அவளும் தலையாட்டினாள். தன்னைப்போல் யாராலும் உரிக்க முடியாது என்ற பெருமையில், உரிப்பது எதை என்று கேட்க மறந்துபோனாள்.

ஒரு வியாழக்கிழமை நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. எட்டு மாதக் குழந்தைக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. பளிச்சக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குழந்தை தாயின் தோளில் துவண்டு கிடந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. தண்ணீர், பாட்டில், பால்மாவு என்று குழந்தைக்குக் கொடுப்பதையெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அத்தனையும் மேசைமேல் வரிசையாக இருந்தன.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "தேதி இன்னும் ஏழு மாசம் இருக்கு. மாவுல தப்பில்ல. பாட்டிலை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கிறீங்கம்மா?"

"பத்து நிமிஷம், டாக்டர்."

"பத்தா?" என்றான் நாத்தனாரின் கணவன். "போனைக் காதுல வெச்சுக்கிட்டா உனக்கு நேரம் எங்க தெரியுது? புள்ளைய இந்தக் கதிக்குக் கொண்டாந்தவ நீதான்!"

"சத்தியமா பத்து நிமிஷங்க..." நாத்தனாரின் குரல் உடைந்தது. "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. அண்ணி வேலை பாக்குற கடைன்னு நம்பித்தானே மாவுகூட அங்கயே வாங்குனேன்."

பளிச்சக்கா டப்பாவைக் கையில் எடுத்தாள். கடைக்கு வரும் டப்பாவில் தேதிச் சீட்டைச் சுற்றித் தூசி ஒட்டிய மெல்லிய பிசுக்குக் கோடு இருக்கும். இதில் இல்லை. விரலை ஓட்டினாள், கண்ணாடிபோல் வழுக்கியது. ஊரில் வேறு யார் கைக்கும் இந்தச் சுத்தம் வராது.

சும்மா இருந்துவிடலாம். சீட்டை உரித்துப் பார்த்தாலும் அடியில் ஒன்றும் இருக்காது. சாட்சியைத் துடைத்ததே அவள்தான். வாயைத் திறந்தால் வேலை போகும், சொந்தம் போகும். திறக்காவிட்டால்? டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெற்றவள் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவாள். இந்த மாவே இன்றைக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் போகும்.

"அவளைத் திட்டாதீங்க தம்பி" என்றாள். "டாக்டர், இந்தத் தேதி பொய். இந்தச் சரக்குக்கு நிஜத் தேதி முடிஞ்சு பதினோரு மாசம் ஆச்சு. பழைய சீட்டை எடுத்துட்டு இதை ஒட்டுனது நான்தான்."

நாத்தனார் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி... நீங்களா?"

"நான்தான்மா."

நாத்தனார் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். ஓர் அடிதான். பளிச்சக்காவுக்குக் கன்னத்தில் அறை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. மாவை உடனே நிறுத்தச் சொன்னார். டப்பாவைச் சோதனைக்கு அனுப்பினார். மருந்தை மாற்றி எழுதினார். "இப்பவாவது சொன்னீங்களே. இல்லன்னா நான் தப்பான இடத்துலயே தேடிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

சனிக்கிழமை குழந்தை கண்ணைத் திறந்து, டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. நாத்தனார் இன்னும் பேசவில்லை. முந்தின நாளே உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் எழுதிக் கொடுத்திருந்த பளிச்சக்கா, பேசும்போது பேசட்டும் என்று நேரே கடைக்குப் போனாள். கூடவே அந்த அதிகாரியும் வந்தார். பின்னறையில் புதிதாக வந்திறங்கிய டப்பாக்கள் பழைய தேதியோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

மேலாளர் அவளை ஓரமாக இழுத்தார். "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? நான் மாட்டுனா நீயும்தான் மாட்டுவ."

"தெரியும் சார். என் பேரைத்தான் முதல்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

"நான் சொன்னேன், நீ செஞ்ச. உனக்கென்ன வந்துச்சு?"

பளிச்சக்கா குரலைத் தாழ்த்தவில்லை. அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "சொன்னது நீங்க, செஞ்சது என் கை. டப்பா மேல இருக்கிற அழுக்கை எடுக்கலாம், பிசுக்கை எடுக்கலாம். வாங்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய உண்மையை எடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. யார் வீட்டுக் குழந்தையோ குடிக்கப்போகுதுன்னு நெனச்சுத்தான் இத்தனை நாளும் செஞ்சேன். எல்லாக் குழந்தையும் யாரோ ஒருத்தர் வீட்டுக் குழந்தைதான் சார்."