நாச்சம்மை ஆச்சியின் முதுகு

1938இல் குன்றாண்டார்கோவில் பாதையில் தொடங்கிய ஓவியக் கல்லூரியில், மாணவர்கள் வரைந்த அடுப்பு சுட்டது. வரைந்த பானையில் நீர் கசிந்தது. எல்லாப் படமும் அப்படியில்லை, கண்ணால் பார்த்து வரைந்தவை மட்டும். அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்த மயிலும் மகாராணியும் வெறும் சாயமாகவே கிடந்தன. அதனால் கல்லூரித் தலைவர் ரெங்கராஜ் முதல் வருடமே அச்சுப் படங்களை மூட்டை கட்டி, விராலிமலைக் கடைக்காரர்களுக்குப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டார். சிம்மாசனம் கூடாது, திரைச்சீலை கூடாது, பார்த்ததைப் போடு, பாடத்திட்டம் அவ்வளவுதான். புதுக்கோட்டையிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்டார்கள்; அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

கல்லூரிக் கட்டடம் திருமயம் பக்கத்து நாச்சியப்பச் செட்டியாருடையது. சின்ன வயதில் பர்மாவுக்குப் போனவர், தாய் இறந்த பிறகே ஊர் திரும்பினார். ஆத்தாள் நாச்சம்மை ஆச்சியின் முகம் அவருக்கு மறந்துபோயிருந்தது, போட்டோவும் கிடையாது. படைப்புக்கு, அதாவது குடும்பத்தில் இறந்தவர்களுக்கு இலை போட்டுக் கும்பிடும் நாளுக்கு, ஆத்தாளின் படம் வேண்டும் என்றார். சிம்மாசனம், காசுமாலை, வைரத்தோடு எதுவும் குறையக்கூடாது. வேலை மாணவி சொர்ணவல்லியிடம் வந்தது. அவள் அம்மா செவந்தி அந்த வீட்டில் நெல் குத்தியவள். கல்லூரியில் இருந்தவர்களில் ஆச்சியைப் பார்த்தவள் சொர்ணவல்லி ஒருத்திதான். படம் பிடிக்காவிட்டால் கட்டடம் போய்விடும். கட்டடம் போனால் தனக்கும் உலக்கைதான் என்பது அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

ஆனால் அவள் பார்த்தது முதுகை மட்டுமே. ஆச்சி தாலியறுத்தவர் என்பதால், வீட்டின் இரண்டாங்கட்டில் அடுப்பைப் பார்த்தபடியே காலத்தை ஓட்டியவர். வெள்ளைச் சேலை, லேசான கூன், பிடரியில் ஒரு மச்சம். சொர்ணவல்லி ஒரு முகத்தை இட்டுக்கட்டிப் பார்த்தாள். சாயம் காய்ந்ததும் அது கொலுப் பொம்மையாகிவிட்டது. அழித்துவிட்டு, அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் முதுகையே வரைந்தாள்.

படத்தைப் பார்க்க வந்த செட்டியாருக்கு ரத்தம் கொதித்தது. "முதுகையா நான் விழுந்து கும்பிடணும்? நாளைக்கே எடத்தக் காலி பண்ணுங்க!"

"நான் பாத்தது இம்புட்டுத்தாங்க ஐயா" என்றாள் சொர்ணவல்லி.

"அப்ப எங்க ஆத்தா மூஞ்சி எங்கிட்டு இருக்கு?" என்று கத்தியபடி அவர் படத்துக்குப் பின்னால் போனார்.

போனவர் திரும்பவில்லை. ரெங்கராஜ் எட்டிப் பார்த்தார். செட்டியார் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே, படத்தின் பின்பக்கத்தில், அடுப்பு வெளிச்சத்தில் ஆச்சியின் முகம். "ஆத்தா ரொம்ப எளைச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சொர்ணவல்லியும் போய்ப் பார்த்தாள். ஆச்சிக்கு ஒரு பல்கூட இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கல்லூரி அங்கேயே நடந்தது. சுவரில் மாட்டினால் முகம் மறைந்துவிடும் என்பதால், படத்தைச் செட்டியார் வீட்டு முகப்பின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். இருந்தவரை நல்ல நாளில் முகப்புப் பக்கமே வராதவருக்கு, படைப்பன்று அங்கேதான் இலை போடுகிறார்கள், படத்தின் பின்பக்கமாக. ஆச்சி மெதுவாகத்தான் மெல்லுவார். அவர் சாப்பிட்டு முடித்த பிறகே மற்றவர்களுக்குப் பந்தி; அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு நேரம் கழித்துத்தான்.