கண்ணாடித் தட்டில் தணிந்தது

காலையில் பாத்திரம் கழுவப் போன அதிதி, மாமியாரின் மூட்டுவாத மாத்திரைகள் தொட்டியில் கரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். பின்னால் கமலாக்ஷி நின்றிருந்தாள். மறைக்கவில்லை. பார்க்கட்டும் என்றுதான் நின்றிருந்தாள்.

மட்டாஞ்சேரியில் அந்த வீட்டுக்கு அதிதி மருமகளாக வந்ததிலிருந்தே இருவருக்கும் ஆகாது. மலையாளப் பத்திரிகையில் அவள் படம் வந்தபிறகு அது முற்றிவிட்டது. நிலவேம்பிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், நோயை எதிர்க்கும் அணுக்களின் கொந்தளிப்பைத் தணித்து வீக்கத்தைக் குறைக்கக்கூடும் என்று அவள் கண்டிருந்தாள். அதுவும் காக்கநாட்டு ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த எலியின் உயிரணுக்களில். மனிதர் யாருக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் கமலாக்ஷிக்கு அது வஞ்சமாகவே பட்டது.

"எலிக்குக் குடுப்பை, நேக்குத் தரமாட்டை. அதானே?"

"அது மருந்தே இல்லைம்மா. மாத்திரையை நிறுத்தாதேங்கோ."

கமலாக்ஷி நிறுத்தினாள். மகன் ஷங்கர்தான் கொச்சங்காடிக் கடையிலிருந்து நிலவேம்புக் கட்டு வாங்கி வந்தான். அதைக் கஷாயமாகக் காய்ச்சிக் குடித்தாள். வீடெல்லாம் கசப்பு நெடி. அம்மாவிடம் எடுத்துச் சொல்லும்படி அதிதி கேட்டபோது, அவன் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மழை பிடித்ததும் கமலாக்ஷியின் விரல்கள் வீங்கி மடங்கின. காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் அதிதியை வராந்தாவுக்கு அழைத்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்து கொண்டுவந்து மருமகள்தான் கொடுத்தாள், மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் அவள்தான் என்று நோயாளி சொல்வதாகவும், உண்மையென்றால் அவள் வேலை செய்யும் இடத்துக்கு எழுதவேண்டி வரும் என்றும் சொன்னார்.

அதிதி பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள். ஷங்கர் போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டர்."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். தான் எதையும் கொண்டுவரவில்லை, கொடுக்கவுமில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வார்டுக்குள் போனாள். ஆயா கஞ்சி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதிதி ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினாள். கமலாக்ஷி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அதிதி கிண்ணத்தைக் கட்டிலோரத்து மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கமலாக்ஷி இரண்டு மணிக்கட்டாலும் கிண்ணத்தைப் பிடிக்கப் பார்த்தாள். அது வழுக்கியது. அதிதி எழுந்திருக்கவில்லை. கடைசியில் கமலாக்ஷி உடம்பை மெல்ல மெல்லச் சாய்த்து, மேஜைமேல் குனிந்து, கிண்ணத்தின் விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கினாள். கண் மட்டும் மருமகளை விட்டு விலகவில்லை.